பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்

"நம்ம ஊரு எது பாட்டி?" என்று கேட்டால் என் பாட்டியிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "நாகப்பட்டணம்." தமிழ்நாட்டில் எங்கள் பூர்வீக ஊரைத் தேடப் புறப்பட்டவன், அதை நம்பி இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். நாகப்பட்டினத்தில் தெரிந்தவர் மூலம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் விசாரித்தேன். தாத்தாவின் பெயரைச் சொன்னால் எதிர்முனையில் சிரிப்பார்கள். "ராமசாமியா? எந்த ராமசாமி?"

பாட்டி சொன்னது ஊரை அல்ல, கப்பல் ஏறிய இடத்தை. அந்தக் காலத்தில் இங்கே மலேசியாவில் பினாங்குக்கு வந்த நம் ஆட்கள் நாகப்பட்டினத்திலோ மெட்ராசிலோதான் கப்பல் ஏறினார்கள். சேலத்துக்காரர், திருச்சிக்காரர், தென்னார்க்காட்டுக்காரர் எல்லாருக்கும் அதே துறைமுகம். கைக்குழந்தையாக வந்த பாட்டிக்கு, அவர் அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன அந்த ஒரு பெயர்தான் மனதில் நின்றது. பழைய தாளில் பிறந்த இடம் 'மெட்ராஸ்' என்று இருந்தாலும் சென்னை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது மெட்ராஸ் மாகாணமாகவும் இருக்கலாம், அதாவது ஏறக்குறைய முழுத் தமிழ்நாடும், அதற்கு அப்பாலும்.

கப்பலிலும் இதே குழப்பம் உண்டு. யாரைக் கேட்டாலும் "ரஜூலாவில் வந்தோம்" என்பார்கள். ரஜூலா ஓடத் தொடங்கியது 1926இல். உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்கு முன்பே இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார் என்றால், அவர் வந்தது வேறு கப்பல். குடும்பக் கதை பொய் என்று ஆகிவிடாது, இரண்டு பேருடைய கதை ஒன்றாகக் கலந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த தவறு, பெயரை வைத்துத் தொடங்குவது. வெள்ளைக்காரர்களுக்காக எழுதிய வழிகாட்டிகள் முதலில் குடும்பப் பெயரைத் தேடச் சொல்லும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், 'அனாக் லெலாக்கி' (மலாயில் 'மகன்') போட்டு அப்பா பெயர் இருக்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். இணையத்தில் வம்சமரம் போடும் செயலிகள் அந்த அப்பா பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, எங்கேயோ இருக்கும் சம்பந்தமில்லாத முனியாண்டியை உங்கள் சொந்தக்காரராகக் காட்டும். எழுத்தையும் நம்ப முடியாது. பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது, எழுதிய கிராணிக்கோ (தோட்டத்துக் குமாஸ்தா) அது காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ஒரே பாட்டி ஒரு தாளில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி, மூன்றாவதில் வெறும் 'லட்சி'.

அதனால் நான் சொல்வது: பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள். இங்கே எந்தத் தோட்டம், அங்கே எந்தக் கிராமம். இந்த இரண்டும் கிடைத்தால் பெயர் தானாக வந்து சேரும். காரணம் கங்காணி முறை. தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டி வந்த மேஸ்திரிதான் கங்காணி. கங்காணி முன்பின் தெரியாதவர்களைப் பெரும்பாலும் கூட்டி வரவில்லை. தன் ஊர், பக்கத்து ஊர், தன் சொந்தம் என்றுதான் ஆள் பிடித்தார். 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தும் வரை இப்படித்தான் நடந்தது. ஆகவே உங்கள் குடும்பத்தில் ஊர்ப் பெயர் தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லையென்றால், அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் இருந்த குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுடைய ஊர் உங்கள் ஊருக்கு நாலு மைல் தள்ளி இருக்க வாய்ப்பு அதிகம்.

தோட்டமே இப்போது இல்லையே என்பீர்கள். துண்டு போட்டு விற்றார்கள், செம்பனை நட்டார்கள், வீடமைப்பு வந்துவிட்டது. ஆனால் தமிழ்ப்பள்ளி பல இடங்களில் பழைய தோட்டத்தின் பெயரையே இன்னும் பலகையில் சுமந்து நிற்கிறது, இடம் மாறிப் போன பிறகும். அங்கிருந்து தொடங்கலாம். ஊர்ப் பெயர்கள் மாறியதையும் மறக்க வேண்டாம். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகமானது, தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. அப்புறம், பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள செபராங் பிறை பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்த குடும்பம் என்றால் ரப்பர் தோட்டத்தைத் தேடாதீர்கள். அப்போது அங்கே கரும்பு.

பெரியவர்களிடம் பாரம் (படிவம்) நிரப்புவதுபோலக் கேள்வி கேட்பது மூன்றாவது தவறு. பிறந்த தேதி என்ன, அப்பா பெயர் என்ன, எப்போது வந்தீர்கள் என்று அடுக்கினால் இரண்டு நிமிஷத்தில் "எனக்கு என்ன தெரியும்யா" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் பூசை மணிச் சத்தம். சும்மா கேட்டேன்: "நம்ம குலசாமி கோயில் எப்படி இருக்கும் பாட்டி?"

"நான் எங்க பாத்தேன். எங்க ஆயி சொல்லும். மதுரகாளி. திங்களும் வெள்ளியும்தான் நடை தெறப்பாங்களாம். மத்த நாள்ல அவ மலைக்குப் போயிடுவாளாம்."

கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே போட்டேன். திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் மதுரகாளியம்மன் என்றால் சிறுவாச்சூர். பழைய திருச்சி ஜில்லா. 1995இல் பிரித்த பிறகு பெரம்பலூர் மாவட்டம். பாட்டி இதை ஒளித்து வைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் குலசாமி தெரிந்துவிட்டால் கிராமம் தெரிந்துவிட்டது என்று குதிப்பதும் தவறு. அந்த அம்மனைக் கும்பிடும் குடும்பங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க உண்டு. கிராமத்தின் பெயர் கிடைத்தது பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை வீட்டு பிஸ்கட் டின்னில். ஊரிலிருந்து வந்த நீல நிற ஏரோகிராம் ஒன்று. உள்ளே பணம் அனுப்பச் சொல்லி நாலு வரி. கடிதத்தை எல்லாரும் படித்திருந்தார்கள், பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரியை யாரும் பார்க்கவில்லை. கிராமம், தபால், தாலுகா எல்லாம் அதில் இருந்தது. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் அநேகம். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் போயிருந்தால் அவர் வழியில் இன்னும் யாராவது அங்கே இருக்கலாம்.

இப்படிப்பட்ட டின்களைத்தான் முதலில் திறக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, படத்தின் பின்பக்கக் கிறுக்கல். தமிழ் நேசனில் போட்ட மரண அறிவிப்பைக் கத்தரித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை அது. ஒரு கருமக்கிரியை அறிவிப்பில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை வரிசையாக இருக்கும். அவசரத்தில் விட்டுப்போன பெயரும் ஒரு தகவல்தான், ஏன் விட்டார்கள் என்று கேட்டால் தெரியும்.

ஐசியில் உள்ள பிறந்த தேதியை வேதவாக்காக எடுக்காதீர்கள். அடையாள அட்டை 1948இல், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா எமர்ஜென்சி காலத்தில் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) கிடையாது. முகத்தைப் பார்த்து வயதை எழுதினார்கள். "பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப நான் இடுப்புப் பிள்ளை" என்று ஒருவர் சொன்னால் அந்த 1941 டிசம்பர்தான் எனக்கு நம்பிக்கையான தேதி.

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு முதல் வாரமே ஓடுவதும் வேண்டாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் அரசாங்கக் கோப்புகள், இலாகா வாரியாக. தாத்தாவின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. தோட்டத்தின் பெயரும் வருஷமும் கையில் இருந்தால் ஏதாவது தேறும். பினாங்குக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1946 வரை பினாங்கு, சிங்கப்பூர், மலாக்காவோடு சேர்ந்த நேரடி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. சிலாங்கூர் நிர்வாகம் வேறு, அதன் செயலகக் கோப்புகளில் நம்முடையதைத் தேடிப் பயனில்லை.

சில கேள்விகளுக்குப் பதில் வராது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போனவர், சொல்லப்படாத இரண்டாம் தாரம், சாதி. அப்படி ஒரு இடத்தில் பேச்சு நின்றால் ரெக்கார்டரை அணைத்துவிடுங்கள். சொன்னதையும் கேட்காமல் குடும்ப வாட்சாப் குழுவில் போடாதீர்கள்.

ஊருக்கு நேரில் போவதைக் கடைசிக்கு வையுங்கள். நான் பொறுக்காமல், முகவரி கிடைத்த கையோடு டிக்கெட் போட்டு, திருச்சியில் இறங்கி, சிறுவாச்சூர் போய்ச் சேர்ந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை.