கடற்கரைப் படத்தில் ஒருவரைச் சேர்க்கும்போது வெளிச்சத்தைப் பொருத்துவது எப்படி?

போன மே மாதம் ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்தோம். அத்தா (அப்பா) துபாயில் வேலையில் இருக்கிறார், அவரையும் அதில் சேர்த்துத் தரச் சொன்னார் அம்மா. வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்து ஒட்டினேன். ஓரங்கள் சுத்தமாக இருந்தும் அத்தா எங்களோடு நிற்பதுபோல் இல்லை, அட்டையில் வெட்டி வைத்ததுபோல் இருந்தார். மூன்று இரவுகள் உட்கார்ந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

நான் பயன்படுத்துவது ஃபோட்டோபியா என்ற படம் திருத்தும் மென்பொருள். ப்ரௌசரிலேயே ஓடும், காசு கேட்காது. அதேபோன்ற கிம்ப்பும் நல்லதுதான். ஆனால் இந்த வேலை முழுக்க கிளிப்பிங் மாஸ்க்கை (மேல் லேயரில் செய்வது கீழிருக்கும் லேயரின் உருவத்துக்குள் மட்டும் தெரியும்படி கட்டுவது) நம்பியிருக்கிறது, அது ஃபோட்டோபியாவில் மிக எளிது. ஆளை வெட்டி எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வெயில் எந்தப் பக்கம்?

எதையும் தொடுவதற்கு முன் பின்னணிப் படத்தில் நிழல்களைப் பாருங்கள். அரியமானில் கடல் வடக்கே இருக்கிறது. கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் காலை வெயில் படத்தின் வலது பக்கம் வரும். மே மாதத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி உதிப்பதால், எங்களுக்கு வெயில் கொஞ்சம் முதுகுப் பக்கமாகவே அடித்தது. நிழல்கள் இடப்பக்கம், சற்றே கேமராவை நோக்கி. அத்தா படத்திலோ தலைக்கு மேல் ட்யூப்லைட், கண்குழியிலும் தாடைக்கடியிலும் இருட்டு.

படி 2: வெளுப்பும் கருப்பும்

எல்லா லேயருக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பட அடுக்குகள்) மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். நிறம் போய்விட்டால் வெளிச்ச வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்புறம் ஆள் லேயரின் மேல் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கருவி) வைத்து கிளிப் செய்து, அவர் தலைமுடியைப் பக்கத்தில் நிற்பவரின் தலைமுடியோடு ஒப்பிடுங்கள். கடற்கரை வெளிச்சத்தில் கருப்பு முழுக் கருப்பாக இருக்காது, அதனால் கர்வ்ஸின் இடது கீழ்முனையைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். பொருந்தியதும் கருப்பு வெள்ளையை அணைத்துவிட்டு, கலர் பேலன்ஸில் ட்யூப்லைட்டின் பச்சையை மெஜந்தா பக்கம் தள்ளுங்கள்.

படி 3: மணல் தரும் வெளிச்சம்

நான் சறுக்கியது இங்கேதான். படத்தின் வலது பக்கக் கன்னத்தில் வெயில் போட்டேன், இடது பக்கம் இருட்டாக்கினேன், அப்படியும் ஒட்டவில்லை. கடைசியில் அக்கா முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில் பின்னாலிருந்து அடித்தும் அவள் தாடைக்கு அடியில் இருட்டே இல்லை. வெளிர் மணல் வெயிலை வாங்கிக் கீழேயிருந்து முகத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மூக்கின் அடிப்பக்கம், புருவத்தின் கீழ், சட்டை மடிப்பின் உள்பக்கம் எல்லாம் லேசான மஞ்சள் ஒளி.

இதற்கு ஆள் லேயரின் மேல் புதிய லேயர் ஒன்று கிளிப் செய்து, மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) சாஃப்ட் லைட்டுக்கு மாற்றுங்கள். ஐட்ராப்பரால் வெயில் படும் மணலின் நிறத்தை எடுத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷில், ஃப்ளோ (ஒரு தடவலில் இறங்கும் நிறத்தின் அளவு) 5 சதவீதம் வைத்து, கீழ் நோக்கும் இடங்களில் மட்டும் தடவுங்கள். தாடையடி, கண்குழி, கையின் உள்பக்கம். பொறுமையாக, பல தடவலாக. கால் பக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. வெயில் விளிம்புக்குத் தனி லேயர்: ஸ்க்ரீன் மோடு, படத்தில் வலது பக்கம் தெரியும் காது, தோள், கை ஓரத்தில் சிறிய பிரஷ்.

படி 4: தரையில் நிழல்

ட்ராப் ஷேடோ எஃபெக்டை இதற்குத் தொடவே வேண்டாம், அது சுவரில் விழும் நிழல். ஆள் லேயரை நகலெடுத்து ஒரே நிறமாக்கி, அவர் லேயருக்குக் கீழே கொண்டுபோய், டிஸ்டார்ட் கொண்டு மற்றவர்களின் நிழல் விழும் திசையிலேயே சாய்த்து, மல்டிப்ளை மோடில் வையுங்கள். நிறத்தை உண்மையான நிழலிலிருந்தே எடுங்கள், கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். அந்த இடத்துக்கு வெயில் வராது, வானத்தின் ஒளி வரும். மல்டிப்ளையில் அது இன்னும் இருண்டு தெரியும், ஒபாசிட்டியைக் குறைத்துச் சமமாக்குங்கள். பாதத்தருகே நிழலின் ஓரம் கூர்மை, தலைப்பக்கம் போகப் போக மங்கல். செருப்புக்கும் மணலுக்கும் நடுவே மெல்லிய இருட்டுக் கோடு ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர், இறந்துபோன தாத்தாவின் பழைய ஸ்டூடியோ படத்தைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும். நேரெதிரே ஃப்ளாஷ் அடித்த தட்டையான படம் என்றால் வேலை சுலபம். நிழலைச் சேர்க்கலாம், ஆழமாக விழுந்த நிழலை எடுப்பதுதான் கடினம். ஆள் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் வேறு படம் கேளுங்கள். நான் அத்தாவிடம் இப்படிச் சொன்னேன்: "ஜன்னல் உங்களுக்கு இடது கைப்பக்கம் இருக்கட்டும் அத்தா, தரையில் வெள்ளைப் போர்வையை விரித்து அதன்மேல் நில்லுங்கள், போனை எடுப்பவர் நெஞ்சு உயரத்தில் பிடிக்கட்டும், படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்." இரண்டாவது முறை படி 3 பத்து நிமிடத்தில் முடிந்தது.