படகுக்குள் ஒட்டிய சோனார்: குமிழி இல்லாமல் ஒட்டினால்தான் ஆழம் தெரியும்

ஒலி அனுப்பி ஆழம் காட்டும் சோனாரை முதல் தடவை படகின் உள்பக்க அடித்தளத்தில் ஒட்டியபோது திரையில் ஆழமே வரவில்லை, கோடு கோடாக இரைச்சல்தான். ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியான டிரான்ஸ்டியூசரைச் சிரமப்பட்டுப் பெயர்த்துப் பார்த்தால், ஒட்டிய எபாக்ஸிப் பசைக்குள் கடுகு கடுகாகக் காற்றுக் குமிழிகள். நடுவில் காற்று இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும், தண்ணீருக்குள் இறங்காது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. என்னுடையது ஃபைபர்கிளாஸ் படகு, ஒலி அதன் வழியாகப் போகும். ஆனாலும் உள்ளே நுரையோ மரமோ வைத்துக் கட்டிய இடம் உதவாது, முழுக்கக் கெட்டியான இடம்தான் வேண்டும். படகைத் தண்ணீரில் இறக்கி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரைப் போட்டு, ஈரமான அடித்தளத்தில் அங்கங்கே அழுத்திப் பார்த்தேன். பின்பக்கம், வேகமாகப் போனாலும் தண்ணீரை விட்டு எழும்பாத இடத்தில் தெளிவாகக் காட்டியது.

சரி, அந்த இடத்துப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ஆல்கஹாலால் துடைத்தேன். மெதுவாக இறுகும் எபாக்ஸியை நுரைக்காமல் நிதானமாகக் கலக்கி ஊற்றினேன். டிரான்ஸ்டியூசரைச் சாய்த்து இறக்கி, லேசாகத் திருகியபடி அழுத்தினேன். குமிழிகள் ஓரமாக ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. அதைப் பார்த்தபோதுதான் நிம்மதி. மேலே எடை வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை.

இப்போது ஆழம் நிலையாக வருகிறது. தண்ணீரின் வெப்பநிலையை மட்டும் இதில் நம்பாதீர்கள், காட்டுவது படகு அடித்தளத்தின் சூடு.