அட்டையில் மணல், சுவரில் ரோஜா: படுக்கையறைக்கு வெளிர்நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் 28 ஆண்டுகளாக வீடுகளுக்குச் சாயம் அடித்து வருகிறேன். பச்சையோ நீலமோ கேட்டவர்கள் வேலை முடிந்தபின் என்னைத் திரும்ப அழைத்ததில்லை. மூன்றாம் நாள் காலையில் தொலைபேசியில் வருபவர்கள் எல்லோரும் வெளிர்நிறம் கேட்டவர்கள்தான். “தம்பி, நான் மணல் நிறம்தானே சொன்னேன், சுவரெல்லாம் ரோஜா நிறமாகத் தெரிகிறதே?” டின்னை எடுத்துப் பார்த்தால் எண் சரியாகவே இருக்கும். கடையின் விளக்கொளியில், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் அது. படுக்கையறைக்குள் வந்ததும் வேறு முகம் காட்டிவிட்டது.

தந்தம், மணல், பால்வெள்ளை, வெளிர்சாம்பல் என்று எந்தப் பெயர் சொன்னாலும் அது வெறும் வெள்ளை இல்லை. வெள்ளைச் சாயத்தில் காவி, கறுப்பு, செங்காவி என்று சில சொட்டுகள் விழுந்துதான் அந்த நிறம் பிறக்கிறது. அவற்றில் ஓங்கி நிற்பதை நான் அடிநிறம் என்பேன். நம் அம்மாமார்கள் இதை நன்றாக அறிவார்கள். பழுப்பேறிய வேட்டியைக் கடைசி அலசலில் நீலம் போட்டு எடுத்தால் மஞ்சள் அடங்கி, துணி வெளுப்பாகத் தெரியும். நான் பிறந்த லயத்து வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, சுண்ணாம்பு அடிக்கும்போது அப்பாவும் வாளியில் ஒரு சிட்டிகை நீலம் கரைப்பார். கை சற்றுத் தாராளமாகிவிட்டால் சுவரில் வானத்து நிறம் ஏறிவிடும். வெளிர்நிறம் தேடுகிறவர் அந்தச் சிட்டிகை எதுவென்று முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு வெள்ளை ஏ4 தாள் போதும். நிற அட்டையைத் தாளின்மேல் வையுங்கள். கடையில் வெள்ளைபோல் இருந்தது இப்போது மஞ்சளாகவோ, ரோஜாவாகவோ, பச்சையாகவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் அதே வரிசையில் ஆக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். அது பாசிப்பச்சை என்றால், மேலே இருக்கும் வெளிர்நிறமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சாம்பலில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சாம்பல் நிறங்கள் தனியாகப் பார்க்கும்போது ஒன்றுபோல் இருக்கும். நான்கு அட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒன்று நீலம், ஒன்று ஊதா, ஒன்று பச்சை என்று பிரிந்து நிற்கும்.

அறையில் நீங்கள் மாற்றப்போகாதவை எவை? தரை ஓடு, துணி அலமாரி, கதவு. நிறத்தை இவற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். எங்கள் ஊரில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகள் பலவற்றில் ரோஜா சாயல் கொண்ட பழைய ஓடு இருக்கிறது. அதன் பக்கத்தில் மஞ்சள் சாய்ந்த தந்த நிறம் அடித்தால் சுவர் கறைபட்டதுபோல் ஆகிவிடும். செம்பழுப்பான மெரந்தி மர அலமாரியின் பின்னால் பச்சை சாய்ந்த சாம்பல் அடித்தால் மரம் இன்னும் சிவந்து தெரியும். அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை விளக்கியவர் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை என்று புகார் வந்தபோது அவர் சாயத்தைச் சோதித்தார். அதில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கவைத்தன. 1839-இல் இந்த ஆய்வை அவர் வெளியிட்டார். மூன்றாம் நாள் தொலைபேசிக்கு நான் சொல்லும் பதிலும் பெரும்பாலும் இதுவே.

அடுத்தது வெளிச்சம். வடக்கு ஜன்னல் அறையில் ஒளி குளிர்ந்திருக்கும், தெற்கு ஜன்னல் அறையில் வெதுவெதுப்பாக இருக்கும் என்ற அறிவுரையைப் பலர் என்னிடம் வந்து சொல்கிறார்கள். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்கும் குறைவான தூரத்தில் வாழ்கிறோம். ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே இங்கே கிழக்கும் மேற்கும்தான் கணக்கு. கிழக்கு ஜன்னல் அறை காலையில் பொன்னாக இருக்கும். பிற்பகலில் வெளிச்சம் நீலம் பாய்ந்து சோர்ந்துபோகும். அதற்குக் காவி சற்றுத் தூக்கலான நிறம் நல்லது. மேற்கு ஜன்னல் அறைக்குள் மாலை 5 மணி வெயில் நேராக இறங்கும். அங்கே தந்த நிறம் அடித்தால் மஞ்சள் பூசிய முகம்போல் ஆகிவிடும். சாம்பல் கலந்த மணல் நிறமே தாங்கும்.

ஜன்னலுக்கு வெளியே இருப்பதும் உள்ளே வரும். முன்புறம் பச்சைத் தகடு போட்ட பந்தல் இருந்தால் அதன் வழியாக வரும் ஒளி பச்சை. பக்கத்து வீட்டுச் சுவர் ஆரஞ்சு என்றால் உங்கள் சுவரிலும் அது படியும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு வீடு. ஜன்னலிலிருந்து பத்தடியில் மரங்கள். நான் அடித்த வெளிர்சாம்பல் குளத்துத் தண்ணீர்போல் பச்சையாகிவிட்டது. என் செலவில் செங்காவி சாய்ந்த நிறத்தை மறுபடி அடித்துக் கொடுத்தேன், அழகாக அமைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுநடவுக்காக அந்த மரங்களைச் சாய்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெட்டவெளியும் செம்மண்ணும். அதே சுவர் ரோஜாவாகிவிட்டது. அன்றிலிருந்து, தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் மரங்களின் வயதைக் கேட்காமல் நான் நிறம் சொல்வதில்லை. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டில் மறுநடவுக்கு வந்துவிடும்.

இரவு வெளிச்சத்தையும் பாருங்கள், படுக்கையறையில் விழித்திருப்பதே பெரும்பாலும் இரவில்தான். எங்கள் பக்கம் 6500 கெல்வின் என்று குறித்த, நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கே அதிகம். அதன்கீழ் சாம்பல் நிறங்கள் மருத்துவமனைச் சுவராகிவிடும். 3000 கெல்வின் என்று குறித்த மஞ்சள் சாய்ந்த விளக்கில் அதே சுவர் கனிந்து தெரியும். விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு நிறத்தைத் தேடுங்கள்.

இவ்வளவும் யோசித்தபின் இரண்டே நிறங்களை 1 லிட்டர் டின்னில் வாங்குங்கள். பழைய சுவரில் நேரடியாகப் பூசிப் பார்க்காதீர்கள், பழைய நிறம் கண்ணைக் குழப்பும். ஏ3 அளவு வெள்ளை அட்டையில், சுற்றிலும் இரண்டு விரல் வெள்ளை விட்டு, இரண்டு பூச்சு அடியுங்கள். ஈரத்தில் முடிவு செய்ய வேண்டாம். எமல்ஷன் சாயம் காய்ந்ததும் சற்று அடர்ந்து தெரியும். அட்டையை நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி வையுங்கள். ஒரு நாள் ஜன்னலுக்கு அருகில், மறுநாள் கட்டிலின் தலைமாட்டில், பிறகு ஜன்னல் இருக்கும் சுவரிலேயே. ஆக இருட்டான சுவர் அதுதான், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். காலையில் பாருங்கள், மாலையில் பாருங்கள், மழை இருட்டிக்கொண்டு வரும்போது பாருங்கள், விளக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு சுவர்களிலும் அடித்தபின் ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டு மேலும் கூடும். ஆகவே அட்டையில் மனத்துக்கு நிறைவாக இருப்பதைவிட ஒரு படி வெளிரியதை எடுங்கள்.

அறையில் உறங்கப்போகிறவரின் கண்ணையும் விட்டுவிடக் கூடாது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியம்மா லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிவந்தார். மகள் மஞ்சள் என்ற அட்டையை அவர் வெள்ளை என்றார். வாக்குவாதம் இரண்டு வாரம் நடந்தது. பிறகு அவருக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். “தம்பி, இந்தக் கண்ணுக்கு மஞ்சள், அந்தக் கண்ணுக்கு வெள்ளை” என்றார். புரை விழுந்த கண்வில்லை மஞ்சளேறி நீல ஒளியைத் தடுக்கிறது. இரண்டாவது கண்ணும் தெளியும்வரை காத்திருப்போம் பெரியம்மா என்று சொல்லி, சுவருக்குச் சாயத்துக்குமுன் பூசும் சீலர் மட்டும் அடித்துவிட்டு வந்தேன். வயதானவர்களின் அறை என்றால் அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளின் கண்ணால் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்களின் அட்டையில், நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று காட்டும் ஒளித்திருப்பு எண் இருக்கும். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. படுக்கையறைக்கு நான் 60 முதல் 75 வரை பார்ப்பேன். அதற்குமேல் போனால் பகலில் கண் கூசும். மேடுபள்ளமான பழைய சுவருக்குப் பளபளப்பில்லாத மட் பூச்சே ஏற்றது. நீலம் பாய்ந்த வெள்ளையை அறையின் உட்கூரைக்கு அடித்தால் கீழே இருக்கும் தந்த நிறம் அழுக்காகத் தெரியும். சுவர் நிறத்திலேயே கால் பங்கு வெள்ளையில் கலந்து கூரைக்கு அடியுங்கள். பூஞ்சணம் இருந்தால் அதைக் கொன்று, கழுவி, காயவைத்த பிறகே எதையும் பூச வேண்டும். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரை 28 நாளாவது ஆறவிடுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக ஏறத்தாழ 400 சதுர அடி சுவர். இரண்டு பூச்சுக்கு ஏழரை லிட்டர் பிடிக்கும். 5 லிட்டர் டின் ஒன்று, 1 லிட்டர் டின் மூன்று. அட்டைக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள். ஒரே எண்ணில் கலந்த டின்களுக்குள்ளும் இழையளவு வேறுபாடு வரும், அது சுவர் நடுவில் தெரியக் கூடாது.

பெரியம்மா கடைசியில் எடுத்தது செங்காவி ஒரு துளி சாய்ந்த மணல் நிறம். அதன் எண்ணையும் அடித்த தேதியையும் துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் அங்கேயே எழுதி வையுங்கள். டின் மூடி துருப்பிடித்துத் தொலைந்துபோகும்.