ஜிஎம்-சி ஃபில்டர்: லேஅவுட் முடிந்ததும் கட்-ஆஃப் எங்கே போனது?

ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் படித்துத் தரும் சிக்னல், அதை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு நேராகப் போவதில்லை. நடுவில், கட்-ஆஃப் என்ற எல்லைக்கு மேலுள்ள அதிர்வெண்களை அடக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வேண்டும், அந்த வேகத்துக்கு ஆப்-ஆம்ப் ஃபில்டர் திணறும் என்பதால் ஜிஎம்-சி வகையைப் போடுவார்கள் (ஜிஎம் என்பது வோல்டேஜைக் கரன்ட்டாக மாற்றும் அளவு, சி என்பது கெபாசிட்டர்). புனலூரில் படிக்கும் அக்கா மகன் போன வாரம் செங்கோட்டைக்கு வந்திருந்தான், வெளியே விடாத சாரல், உட்கார்ந்து ஒரு ஸ்டேஜ் மட்டும் செய்து காட்டினேன். அதுதான் இது.

2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் எல்லோருக்கும் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் பிடிகே (சிப் வடிவமைக்கத் தேவையான டிரான்சிஸ்டர் மாடல்கள், விதிகளின் தொகுப்பு), சர்க்யூட் வரைய எக்ஸ்ஸ்கீம், சிமுலேஷனுக்கு என்ஜிஸ்பைஸ், லேஅவுட்டுக்கு மேஜிக், இந்த நான்கையும் போட்டுக்கொள்ளுங்கள். லேஅவுட்டுக்கான இன்னொரு மென்பொருளான கேலேஅவுட் பார்க்க அழகு, ஆனால் இந்த வேலைக்கு என் கை மேஜிக்கைத்தான் தேடும், வரைந்த இடத்திலேயே எக்ஸ்ட்ராக்ட் செய்துவிடலாம், அதாவது லேஅவுட்டிலிருந்து சர்க்யூட்டைத் திரும்ப எடுத்துவிடலாம்.

கணக்கு சின்னதுதான். ஜிஎம்மை 2 பை சி-யால் வகுத்தால் கட்-ஆஃப். 100 மைக்ரோசீமென்ஸ், 200 ஃபெம்டோஃபாரட் என்றால் ஏறக்குறைய 80 மெகாஹெர்ட்ஸ். ஜிஎம்மைத் தரும் ஆம்ப்ளிஃபையரான ஓடிஏவின் அவுட்புட்டை மைனஸ் இன்புட்டில் கட்டி, கெபாசிட்டரைத் தொங்கவிட்டு, ஏசி அனாலிசிஸ் ஓட்டுங்கள். பயாஸ் கரன்ட்டை ஏற்றி இறக்கி 80-க்குக் கொண்டுவாருங்கள்.

சரி, இனிதான் கவனம். லேஅவுட் வரைந்து, அது சர்க்யூட்டோடு பொருந்துகிறதா என்று எல்விஎஸ்ஸில் சரிபார்த்து, நெட்லிஸ்ட் (பாகங்கள், இணைப்புகளின் பட்டியல்) எடுத்து மறுபடி ஓட்டினேன், அதே 80. அவ்வளவு கச்சிதமாக வந்ததுதான் எனக்கு உறுத்தியது. நெட்லிஸ்ட்டைத் திறந்தால், கம்பிகளுக்கான கெபாசிட்டர் வரி ஒன்றுகூட இல்லை! எல்விஎஸ்ஸுக்காக 'எக்ஸ்ட்-டு-ஸ்பைஸ் எல்விஎஸ்' என்று கொடுத்தபோது கெபாசிட்டன்ஸ் வரம்பு (இதற்குக் குறைந்தது நெட்லிஸ்ட்டில் வராது) முடிவிலிக்குப் போய்விடும், அந்த அமைப்பு அப்படியே நிற்கும். அதனால் அடுத்து 'எக்ஸ்ட்-டு-ஸ்பைஸ் சி-த்ரெஷ் 0' கொடுத்துவிட்டுத்தான் நெட்லிஸ்ட் எடுக்க வேண்டும். எடுத்தேன். அவுட்புட் நோடில் மட்டும் 50 ஃபெம்டோ ஒட்டியிருந்தது, கட்-ஆஃப் 64-க்கு இறங்கிவிட்டது. கெபாசிட்டரை 150 ஆக்கி, மறுபடி எக்ஸ்ட்ராக்ட் செய்தேன், 80 திரும்பியது. அப்புறம் எஸ்எஸ், எஃப்எஃப் கார்னர்களிலும் (டிரான்சிஸ்டர்கள் மெதுவாகவோ வேகமாகவோ அமைந்துவிடும் எல்லைகள்) ஓட்டுங்கள், ஜிஎம் நகரும், பயாஸை வெளியிலிருந்து திருத்த ஒரு வழி விட்டே வையுங்கள்.

பின்சேர்க்கை: மாடல் பெயரே கிடைக்கவில்லை என்று எரர் வருவதாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இந்தப் பிடிகேயில் டிரான்சிஸ்டரின் அகலமும் நீளமும் ஏற்கெனவே மைக்ரானில்தான், '1யூ' என்று போட்டால் அந்த அளவுக்கு மாடல் பொருந்தாது. 1 என்று மட்டும் போடுங்கள், பக்கத்தில் யூ வேண்டாம்.