மருந்துக்குத் தப்பிய புல்லைத் தாய்வாரியாகச் சோதிப்பது எப்படி

பினாங்கில் நிபோங் திபால் பக்கம் சிறு செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று: கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மருந்தை அடித்து மூன்று வாரமான பின்பும், காய்ந்துபோன களைகளுக்கு நடுவே ரும்புட் சம்பாவ் மட்டும் பச்சையாக நிற்கிறது. கேழ்வரகின் நெருங்கிய உறவான இந்தப் புல், மருந்துக்குப் 'பழகிவிட்டது' என்பார்கள். அந்தச் சொல் நம்மைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது. மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் ஓரிரு செடிகளில் முன்பே இருந்திருக்கிறது. மற்றவற்றை மருந்து கொன்றதால், அந்த மாற்றத்தைச் சுமக்கும் செடிகளின் பங்கு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, அந்தப் பங்கு உங்கள் நிலத்தில் இப்போது எவ்வளவு என்பதே.

முதலில் எளிய காரணங்களை விலக்குங்கள். அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்ததா, சேற்று நீரில் மருந்தைக் கரைத்தீர்களா, புல் ஏற்கெனவே முற்றியிருந்ததா என்று பாருங்கள். கிளைபோசேட் மண் துகள்களோடு ஒட்டிக்கொள்வதால், கலங்கிய கால்வாய் நீர் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரே இடத்தில், இறந்த செடிக்குப் பக்கத்திலேயே பசுமையான செடி நின்றால்தான் மரபணுவைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகம் வலுத்தால், தப்பிய செடிகளில் ஐந்தாறைத் தேர்ந்து, விதை முற்றியதும் ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனி உறையில் போட்டு எண் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டுவது எளிதுதான். ஆனால் இந்தச் சோதனையின் உயிரே அந்தப் பிரிவில் இருக்கிறது. ஒப்பீட்டுக்காக, ஒருபோதும் மருந்து படாத இடத்திலிருந்தும் விதை வேண்டும். விதைகளை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தால் முளைப்பு கூடும். ஒரு தாய்க்கு 40 நாற்று என வளர்த்து, மூன்று நான்கு இலை வந்ததும், லேபிளில் உள்ள அளவை எல்லாவற்றுக்கும் ஒரே சீராக அடியுங்கள். சில நாற்றுகளுக்கு மருந்தே வேண்டாம். 21 நாள் கழித்து எண்ணுங்கள். மருந்து படாத இடத்து விதையின் நாற்றுகள் சாகவில்லையென்றால் உங்கள் தெளிப்பில்தான் கோளாறு, மீண்டும் செய்யவேண்டும்.

இனி எண்களைப் படிப்போம். சம்பாவ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் புல். தாயின் இரு மரபணு நகல்களில் ஒன்று மட்டுமே மருந்தைத் தாங்குவதாக இருந்து, அந்த ஒரு நகலே செடியைக் காப்பாற்றப் போதுமென்றால், அதன் பிள்ளைகளில் முக்கால் பங்கு தப்பும், கால் பங்கு சாகும்: 40இல் ஏறத்தாழ 30. இரு நகல்களும் தாங்குவன என்றால் 40உம் தப்பும். 12 நாற்று மட்டும் வைத்தால், ஒரு நகல் தாயின் பிள்ளைகள் அத்தனையும் தற்செயலாகத் தப்ப 100க்கு 3 வாய்ப்பு உண்டு. அதனால்தான் 40 கேட்டேன்.

பிள்ளைகளில் கால் பங்கு சாகும் தாய்கள் மிகுதியென்றால், எதிர்ப்பு அண்மையில் நுழைந்தது என்று கருதலாம். ஒரு நகல் தாய் ஒன்றிலிருந்து தொடங்கி, தலைமுறைக்கு ஒரு முறை மருந்தடித்தால், தப்பும் பங்கு முதல் தலைமுறையில் 75 விழுக்காடாகவும், அடுத்ததில் ஏறத்தாழ 83 ஆகவும், அதற்கடுத்து 90 ஆகவும் ஏறும். மூன்றே சுற்றில் கலப்பு பெருமளவு கரைந்துவிடுகிறது. ஆகவே எல்லாத் தாய்களின் பிள்ளைகளும் முழுமையாகத் தப்பினால், அந்த மருந்து அந்த நிலத்துண்டில் முடிந்துபோனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை இரட்டிப்பாக்கும் ஆசை பலருக்கும் வரும். நான் அதை ஏற்கமாட்டேன். சம்பாவில் கிளைபோசேட் எதிர்ப்பு உலகிலேயே முதன்முதலாக 1997இல் மலேசியாவில்தான் பதிவானது; பின்னர் அதே மரபணுவில் இரு மாற்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து மிகக் கடுமையான எதிர்ப்பைத் தரும் செடிகளும் இங்கேயே கண்டறியப்பட்டன. கூடுதல் அளவு அத்தகையவற்றைத்தான் மிச்சம் வைக்கும். ஆனால் இரட்டை மாற்றத்தை இரு நகல்களிலும் சுமக்கும் செடிகள் மருந்தில்லாத இடத்தில் வளர்ச்சி குன்றுவதால், அத்துண்டில் கிளைபோசேட்டை நிறுத்திவைப்பது பயனற்றதன்று. குளுபோசினேட் என்னும் வேறொரு களைக்கொல்லிக்கு மட்டும் தாவுவதும் உதவாது. அதற்கும் மலேசியச் சம்பாவில் எதிர்ப்பு பதிவாகியுள்ளது. இன்னொரு களைக்கொல்லியான பாராகுவாட்டோ 2020 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது.

ஆகவே புதிதாக நுழைந்த நிலையில் இருக்கும் துண்டுகளில், விதை முற்றுமுன் தப்பிய செடிகளை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். இளங்கன்று வரிசைகளுக்கு இடையே மூடுபயிராக முக்குனா கொடியைப் படரவிடுங்கள். புல் வெட்டும் இயந்திரத்தைக் குத்தகைக்காரர் கொண்டுவந்தால், தோட்டத்துக்குள் இறக்குமுன் அதன் கத்தியையும் மூடியையும் கழுவச் சொல்லுங்கள்; பக்கத்துத் தோட்டத்து விதை அந்த மூடியில் ஒட்டிக்கொண்டும் வரலாம்.