முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம் இரண்டுக்கும் ஒரே கார் தளம் (அடிக்கட்டமைப்பு) வடிவமைப்பது எப்படி?

மதுரைப் பக்கம் மின்கார் மாதிரி கட்டும் மாணவர் குழுக்களும் சிறு பட்டறைகளும் முதலில் மோட்டாரைத் தேடுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் இடம் மாறாமல் முடிவுசெய்ய வேண்டியவை பேட்டரிப் பெட்டி, டேஷ் சுவர் (முன்பகுதியையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தகடு), இருக்கை இடம், சப்ஃபிரேம் (மோட்டாரையும் சஸ்பென்ஷனையும் தாங்கி உடலோடு போல்ட்டில் இணையும் சட்டம்) மாட்டும் துளைகள் ஆகியவை. இவை அசையாமல் இருந்தால் மோட்டார் எந்த முனைக்கும் போகும். பெட்ரோல் காரில் இது கடினம், ஏனெனில் எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குத் தரையில் சுரங்கம் வேண்டும், எஞ்சின் படுக்கும் திசையும் மாறும். மின்காரில் நடக்கும் என்பதற்கு வோல்வோ எக்ஸ்சி 40 சான்று. அதன் ஒற்றை மோட்டார் 2023-ல் முன்னிலிருந்து பின்னுக்குப் போனது.

எந்த முனை என்பதை எடைக் கணக்கு சொல்லும். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 2.6 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 0.55 மீட்டர், ஈரச் சாலையில் பிடிமான எண் 0.4 என்று வையுங்கள். பிடிமான எண்ணை உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால் 0.085. இயக்கும் அச்சின் எடைப் பங்கைப் பிடிமான எண்ணால் பெருக்கி, அந்த 0.085-ஐ ஒன்றோடு கூட்டியும் கழித்தும் வரும் எண்களால், அதாவது முன்னியக்கத்துக்கு 1.085-ஆலும் பின்னியக்கத்துக்கு 0.915-ஆலும் வகுக்க வேண்டும். ஆளும் மூட்டையும் ஏறிய பின் முன்னியக்கக் காரில் முன்னச்சு 52 சதவீதமும் பின்னியக்கக் காரில் பின்னச்சு 55 சதவீதமும் சுமந்தால், விடை 0.19, 0.24. அதாவது நூறு மீட்டருக்கு 19 மீட்டர் ஏற்றமே முன்னியக்கத்தின் எல்லை. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கச் சக்கரம் லேசாகும்போது அதுவும் குறையும். மலைக்கு விற்கும் வண்டியென்றால் பின்னியக்கமே எங்கள் தேர்வு.

சப்ஃபிரேமின் இடத்தைச் சரியாக நிறுத்தும் துளைகளில் ஒன்று வட்டமாகவும் எதிர்ப்பக்கத்தது நீள்துளையாகவும் இருக்கட்டும். இரண்டும் வட்டமானால் ஜிக்கின் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் அச்சுச் சட்டத்தின்) சிறு பிழைக்கே கடப்பாரை போட்டு நெம்புவார்கள். இரண்டும் நீள்துளையானால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் சக்கர அலைன்மென்ட் மாறும். மதுரையை அடுத்த கப்பலூரில் ஜிக் செய்யக் கொடுத்தால் வரைபடத்தில் இதைத் தெளிவாகக் குறியுங்கள்.

250 நியூட்டன் மீட்டர் மோட்டார், 10-க்கு 1 கியர் குறைப்பு என்றால் ஆக்சிலில் 2500 நியூட்டன் மீட்டர். மோட்டார் மவுண்டுகள் 0.4 மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றும் 6250 நியூட்டன் தாங்க வேண்டும். மோட்டார் இல்லாத முனையின் உடல் பிடிமானங்களும் இதே சுமைக்குக் கட்டப்பட வேண்டும். பிறகு வெல்டிங்கில் ஒட்டுப்போடுவது நிற்காது.

நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) இரு வகைக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சில ஹப் பேரிங்குகளை இறுக்கிப் பிடிப்பதே டிரைவ்ஷாஃப்ட் நட்டுதான். ஷாஃப்ட் இல்லாத பக்கம் அதே நீளத்தில் வெட்டிய கட்டைத் தண்டைப் பூட்டாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்துவிடும். முன்னியக்கத்தில் இடது, வலது டிரைவ்ஷாஃப்ட் நீளம் வேறுபட்டால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். நடுத்தண்டும் தாங்கு பேரிங்கும் சேர்த்து இரண்டையும் சமமாக்குங்கள். டோ அளவையும் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) வகைக்கு வகை தனியாக வைக்க வேண்டும்.

மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரியைச் சார்ஜ் செய்து வண்டியை மெதுவாக்கும் மின்பிரேக்கில் எடை முன்னால் சாயும். முன்மோட்டாருக்கு அது சாதகம். பின்மோட்டார் ஈரத்தில் அதிகமாக இழுத்தால் வண்டியின் வால் வழுக்கும், ஆகவே அதன் வரம்பை ஏபிஎஸ்ஸோடு இணைத்துக் குறைக்கவும். பேட்டரி நிறைந்த நிலையில் கொடையிலிருந்து இறங்கினால் மின்பிரேக் கிட்டத்தட்ட இருக்காது. டிஸ்க், பேடு அளவை இரு வகையிலும் முழுச் சுமை, முழு இறக்கத்துக்குக் கணக்கிடுங்கள்.