சமையலறைக் கழிவு, சொட்டும் குழாய், குளிர்சாதனப் பெட்டி: எங்கே தொடங்குவது?

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ நினைப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் குப்பைக்கூடை. பழத்தோலும் காய்கறிக் கழிவும் குப்பைமேட்டுக்குப் போனால், காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனை வெளியிடும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதே கழிவு காற்றோட்டத்தோடு மட்கினால் செடிக்கு நல்ல உரம்.

மூடி உள்ள 20 லிட்டர் வாளிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிரம்பி மட்கிக்கொண்டிருக்கும்போது மற்றதில் போடலாம். அடியில் பத்துத் துளை, பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளி விட்டுச் சுற்றிலும் துளை, 6 மி.மீ. அகலம் போதும். வாளியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

அடியில் 5 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ பரப்பி, ஒரு கைப்பிடி தோட்டத்து மண் தூவுங்கள். மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் வருகின்றன. அட்டையில் ஒட்டுநாடா இருந்தால் உரித்துவிடுங்கள், அது மட்காது. அன்றன்றைய கழிவை 2, 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அதைப் போல இரண்டு மடங்கு சருகால் மூடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளற வேண்டும்.

பலர் பாதியில் கைவிடுவது இந்த இரண்டு மடங்கில் கோட்டை விடுவதால்தான். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். அதனால் வாளி தொடங்கும் முன்பே ஒரு சாக்கு நிறையச் சருகு சேர்த்து வைத்துவிடுங்கள்.

ஈரம் சரியா என்று கைதான் சொல்லும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை: நன்றாகக் கிளறி, உலர்ந்ததைக் கலக்க வேண்டும். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி அடித்தால் கார்பன் போதவில்லை. சின்னச் சின்ன ஈக்கள் மொய்த்தால் கழிவு மூடப்படாமல் வெளியே தெரிகிறது என்று பொருள். இறைச்சி, பால் பொருள்கள், எண்ணெய் ஆகியவற்றை இந்த வாளியில் போடவே வேண்டாம். நாற்றமும் எலியும் வந்து சேரும்.

நிரம்பிய வாளியை வாரம் ஒருமுறை கிளறினால் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண் போல மணக்கும். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து செடிக்குப் போடலாம். பாதி மட்கியதைப் போட்டுவிடாதீர்கள். மிச்சத்தை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். சிறிய வாளி பெரிய குவியல் அளவுக்குச் சூடேறாததால் விதைகள் சாகாமல் முளைக்கக்கூடும். பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது.

அடுத்தது தண்ணீர். சொட்டும் குழாயின் கீழே ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து, சேர்ந்ததை அளந்து 24-ஆல் பெருக்குங்கள். ஒரு நாள் இழப்பு தெரிந்துவிடும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷரை மாற்றினாலே சொட்டுவது நின்றுவிடும். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. தொட்டியில் சில சொட்டு உணவு நிறமி விட்டு, 30 நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கிறது.

மின்சாரத்தில், இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனப் பெட்டியை முதலில் கவனியுங்கள். உள்ளே 4 டிகிரி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் போதும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. முதலில் ரப்பர் பட்டையைச் சோப்பு நீரால் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அழுக்குதான் காரணம். அப்போதும் பிடிக்காவிட்டால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.